டென்ட் வாங்குறதுக்கு முன்னாடி பைக்கோட பின் சக்கரத்தைப் பாருங்க

செமஸ்டர் முடிஞ்ச மறுநாள் எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் இந்த மெசேஜ் வந்துடும்: "மச்சி, பைக்ல கேம்பிங் போலாமா?" அடுத்த அரை மணி நேரத்துல ஆறு பேர் டென்ட் லிங்க் அனுப்பியிருப்பாங்க. எது வாட்டர்ப்ரூஃப், எது ஆஃபர்ல இருக்குன்னு பெரிய சண்டையே நடக்கும். அந்த டென்ட்டை பைக்ல எங்கே வச்சு, எதால கட்டப் போறோம்னு மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டாங்க.

நாங்களும் கேட்கல. போன டிசம்பர்ல கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளியில இருந்து மேலே ஏறுற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவுகள். நண்பன் முன்னாடி ஒரு 150 சிசி வண்டியில, நான் பின்னாடி இன்னொரு வண்டியில. அவன் பின் சீட்டுல ஒரு பெரிய பை, அதுக்கு மேல டென்ட், அதுக்கும் மேல சுருட்டின பாய். எல்லாத்தையும் ஒரே நைலான் கயிறால சுத்திக் கட்டியிருந்தோம். மிச்சம் இருந்த ஒன்றரை அடி கயிறைப் பைக்கு அடியில சொருகி விட்டது நான்தான். நாற்பதாவது வளைவைத் தாண்டினதும் அந்த நுனி வெளியே வந்து, செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல போய் மாட்டிச்சு. பின் சக்கரம் அப்படியே லாக். வேகம் இருபது கூட இருக்காது, ஆனாலும் வண்டி சாய்ஞ்சுடுச்சு. நல்லவேளை, மலைப் பக்கம் விழுந்தான். இன்னொரு பக்கம் விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் நாங்க பேசினதில்லை. வலது மணிக்கட்டுல எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. அவனோட லேப் ரெக்கார்டுல முதல் நாலு எக்ஸ்பெரிமென்ட் என் கையெழுத்துலதான் இருக்கும்.

அதனால இந்தக் கட்டுரையில டென்ட் கடைசியிலதான் வரும். முதல்ல எடை.

உங்க வண்டியோட ஓனர்ஸ் மேனுவலை எடுங்க. அதுல வண்டி மொத்தம் எவ்வளவு சுமை தாங்கும்னு போட்டிருக்கும். ஓட்டுற நீங்களும் அந்தக் கணக்குக்குள்ளதான் வர்றீங்க. உதாரணத்துக்கு அது 150 கிலோன்னு வச்சுக்குவோம். நீங்க 65, பின்னாடி உட்கார்ற நண்பன் 60. மிச்சம் 25 கிலோதான். ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போக, தண்ணி மட்டும் 5 லிட்டர்னா 5 கிலோ. டென்ட், அடுப்பு, பாத்திரம், துணி, டூல்ஸ்னு சேர்த்தா எல்லையைத் தொட்டுடும். எடை சரியா வந்தாலும் மூட்டையை வைக்க இடம் இருக்காது, வாலுக்குப் பின்னாடிதான் தொங்கும். என் அபிப்பிராயம் இதுதான்: கேம்பிங் சாமான் ஏத்தினா ஒரு பைக்குக்கு ஒரு ஆள். ரெண்டு பேர்னா சாமானைப் பாதியாக் குறைங்க, இல்லேன்னா கார்ல போற யாராவது ஒருத்தரை ஃப்ரெண்ட் பிடிங்க.

அடுத்தது, எடை எங்கே உட்காருதுங்கிறது. முதல் வருஷ மெக்கானிக்ஸை மறந்திருக்க மாட்டீங்க. ரெண்டு சக்கர அச்சுக்கும் நடுவுல 1.3 மீட்டர்னு வச்சுக்கோங்க. 15 கிலோ பை, பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னாடி தொங்குது. பின் அச்சைச் சுத்தி மொமென்ட் எடுத்தா, முன் சக்கரத்து மேல இருக்கிற பாரம் 15 × 0.3 ÷ 1.3, அதாவது சுமார் 3.5 கிலோ குறையும். பின் சக்கரத்துக்கு 15-க்குப் பதிலா 18.5 கிலோ ஏறும். "இவ்வளவுதானா?"ன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. ஆனா மேடு ஏறும்போது பாரம் ஏற்கெனவே பின்னாடி சாயும், அதோட இதுவும் சேரும். அதைவிடப் பெரிய விஷயம் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. வண்டியோட எடை மையத்துல இருந்து 1 மீட்டர் தள்ளி அந்த 15 கிலோ இருந்தா, அதோட பங்கு 15 கிலோ-மீட்டர் ஸ்கொயர். அதே பையை 40 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தா 2.4 தான். ஆறு மடங்கு வித்தியாசம்! கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்ப மறுக்கிறது, அப்புறம் திரும்பினதை நிறுத்த மறுக்கிறது, பள்ளத்துல விழுந்தா வால் ஆடுறது எல்லாம் இங்கிருந்துதான் வருது.

ஆக, கனமான சாமான் எல்லாம் உங்க முதுகை ஒட்டி, கீழே. தண்ணி, டூல் கிட், அடுப்பு, அரிசி இதெல்லாம் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குற பையில. ரெண்டு பையும் ஏறக்குறைய ஒரே எடை இருக்கணும், கையில தூக்கிப் பார்த்தாலே தெரிஞ்சுடும். ஸ்லீப்பிங் பேக், பாய் மாதிரி இடத்தை அடைச்சாலும் எடை இல்லாததுதான் பின்னாடி போகலாம். சைலன்சர் பக்கம் பை தொங்கினா ஒரு கை அகலமாவது இடைவெளி விடுங்க. மேட்டுல வண்டி குதிக்கும்போது பையும் இறங்கும். துணிப்பை சைலன்சர்ல பட்டா உருகும், உள்ளே கேஸ் கேன் இருந்தா கதை வேற. அதனால கேஸ் கேனை எப்பவும் அந்தப் பக்கம் வைக்காதீங்க. பெட்ரோலை வாட்டர் பாட்டில்ல ஊத்திக் கொண்டு போற வேலையும் வேண்டாம், வழியிலேயே டேங்கை நிரப்பிக்கலாம்.

பாரம் ஏத்தினப்புறம் டயர் காத்து. ஆள் ஏறினா எவ்வளவுன்னு மேனுவல்ல தனியாப் போட்டிருக்கும். பல 150 சிசி வண்டிகள்ல பின் டயருக்குத் தனியாப் போனா 28, ஆள் ஏறினா 32 பிஎஸ்ஐ. சாமானுக்கும் அந்த ரெண்டாவது கணக்குதான். காலையில டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க. பின் ஷாக் அப்சார்பர்ல நாச் இருந்தா ஒண்ணு ரெண்டு ஏத்துங்க. இல்லேன்னா பின்பக்கம் உட்கார்ந்து, ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும்.

இப்போ கட்டுறது. நம்ம ஊர்ல பழைய சைக்கிள் டியூபை நீளமா நறுக்கிக் கேரியர்ல கட்டுவாங்க. பால் கேன், காய்கறி மூட்டைக்கு அது நல்ல ஐட்டம்தான். கொக்கி வச்ச பங்ஜி கயிறும் அதே குணம்: இழுபடும். இழுபடுற எதுவும் மலை ரோட்டுல பையை மெதுவா நகர விடும். கொக்கி தெறிச்சா கண்ணுக்கு ஆபத்து. பக்கிள் வச்ச நாடா பெல்ட் ரெண்டு வாங்குங்க, டென்ட்டுல மிச்சம் பிடிச்சாவது வாங்குங்க. கிராப் ரெயில், ஃபிரேம் மாதிரி இரும்புல மாட்டுங்க. இண்டிகேட்டர், மட்கார்டு, பிளாஸ்டிக் பேனல் பக்கம் போகாதீங்க. குறுக்கே ஒண்ணு, நெடுக்கே ஒண்ணு. கட்டி முடிச்சதும் பையைப் பிடிச்சு ஆட்டுங்க. பையோட சேர்ந்து வண்டியும் ஆடினா கட்டு சரி. பை மட்டும் ஆடினா அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்க.

மிச்ச நுனி? சுருட்டி, முடிச்சுப் போட்டு, மேல இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. சொருகாதீங்க. கிளம்பி 15 கிலோமீட்டர்ல டீக்கு நிறுத்தும்போது எல்லா பெல்ட்டையும் ஒரு தடவை இறுக்குங்க. துணி அமுங்கி, கட்டு கண்டிப்பா தளர்ந்திருக்கும்.

சரி, டென்ட். அளவுல ஏமாறாதீங்க: "2 பேர் டென்ட்"னா ஒரு ஆளும் அவனோட பையும். பைக்குக்கு முக்கியம் மடிச்ச நீளம், ஏன்னா கம்பி நீளமா இருந்தா ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு லாரியில இடிக்கும். 50 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நிம்மதி. ஆணி அடிக்காமலேயே தானா நிக்கிற வகையா எடுங்க, பாறைத் தரையில ஆணி இறங்காது. மேலே தனி மழை விரிப்பு இருக்கணும். ஒரே அடுக்குத் துணின்னா நம்ம மூச்சுக்காத்தே உள்ளே தண்ணியாச் சொட்டும். அடியில விரிக்கிற தார்பாலின் டென்ட்டைவிடச் சின்னதா இருக்கட்டும். வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா மழைத் தண்ணியைப் பிடிச்சு நமக்குக் கீழேயே கொண்டு வந்துடும்.

குளிருக்கு எல்லாரும் தடிமனான ஸ்லீப்பிங் பேக் தேடுவாங்க. 1000 மீட்டர் உயரத்துக்கு சுமார் 6.5 டிகிரி குறையும், அது கணக்கு. ஆனா ராத்திரி நம்மளை நடுங்க வைக்கிறது பெரும்பாலும் தரைதான். ஸ்லீப்பிங் பேக்கோட அடிப்பக்கம் உடம்பு பாரத்துல நசுங்கிடும், நசுங்கின பஞ்சுக்குள்ள காத்து இல்ல, காத்து இல்லேன்னா வெப்பம் நேராத் தரைக்குப் போயிடும். அதனால முதல்ல ஒரு நல்ல ஃபோம் பாய். நம்ம ஊர் மலைக்கு அதோட ஒரு கம்பளியும் ஸ்வெட்டரும் போதும். எல்லாத் துணியையும் பெரிய பாலிதீன் கவருக்குள்ள போட்டு, அப்புறம் பையில வைங்க. "வாட்டர்ப்ரூஃப்"னு எழுதின பையோட தையல் வழியா தண்ணி இறங்கும். ரெயின்கோட் மட்டும் எல்லாத்துக்கும் மேல.

அடுப்பை டென்ட்டுக்குள்ள பத்த வைக்கவே கூடாது, மழை பெய்ஞ்சாலும். தீ பிடிக்கிறது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். அதுக்கு வாசனையே கிடையாது.

எங்கே டென்ட் போடுறதுங்கிறதுலயும் ஒரு விஷயம். காப்புக்காட்டுல அனுமதி இல்லாம நுழையக்கூடாது, தங்கக்கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி இருபதுக்கும் மேல இறந்தாங்க. காஞ்ச புல்லுல தீ எவ்வளவு வேகமா ஏறும்னு அதுக்கு மேல யாரும் சொல்லத் தேவையில்ல. தோட்டம் வச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டு, காசு கொடுத்துத் தங்குங்க. நாங்க விழுந்த அன்னைக்கு ராத்திரி திண்ணையில படுக்க இடமும் சுடுகஞ்சியும் கொடுத்தது அப்படி ஒரு அண்ணன்தான். டென்ட்டைப் பிரிக்கவே இல்ல.

ஒருவேளை உங்க டென்ட் நனைஞ்சு திரும்பி வந்தா, அப்படியே மடிச்சுக் கட்டிலுக்கு அடியில தள்ளாதீங்க, ரெண்டே நாள்ல பூஞ்சை பிடிச்சு நாறும். ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு நாள் விரிச்சுக் காய வைங்க. வார்டன் கேட்டா சிவில் டிபார்ட்மென்ட் ப்ராஜெக்ட்னு சொல்லிக்கலாம்.