கடல்வழிக் காவல் – 7: நீந்தியவர்களுக்குக் கீழே

“யப்பான்காரன் குண்டு போட்ட காலம்” என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறுதான். அன்று இரத்மலானை ஓடுபாதையிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் பிந்தி மேலேறிய கதையைப் போன வாரம் பார்த்தோம். வானத்தில் வந்ததை ஊர் கண்டது, அதனால் மறக்கவில்லை. ஏறக்குறைய ஈராண்டு கழித்து, கொழும்பை நோக்கி வந்த கப்பல் தொடரணி ஒன்றுக்கு நடுக்கடலில் நேர்ந்ததை இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

1944 பெப்ரவரி 5 அன்று மொம்பாசாவிலிருந்து ஐந்து படைக்கப்பல்கள் புறப்பட்டன. தொடரணியின் பெயர் கே.ஆர். 8. கெடிவ் இஸ்மாயில், சிற்றி ஒஃப் பாரிஸ், வர்சோவா, எக்மா, எலெங்கா. கடைசி மூன்றும் பிரிட்டிஷ் இந்தியா கம்பனிக் கப்பல்கள். நாகபட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம்மவர்களை ஏற்றிப்போன அதே கம்பனி. ஐந்திலும் சேர்த்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். காவலுக்கு ஹோக்கின்ஸ் என்ற பழைய குரூசரும், பெட்டார்ட், பலடின் என்ற இரண்டு நாசகாரிகளும். நீர்மூழ்கியைத் தேடிப்பிடித்து அடிக்கும் வேலை இந்த இரண்டின் தலையில்தான். ஐந்து கப்பலைச் சுற்றி இரண்டு நாசகாரி என்பது வேலியல்ல, இரண்டு கம்பம். அட்லாந்திக்கிலும் மத்தியதரைக் கடலிலும் நாசகாரிகள் தேவைப்பட்டதால் இந்து சமுத்திரத்துக்கு மிச்சம் மீதிதான் கிடைத்தது.

பெப்ரவரி 12, சனிக்கிழமை பிற்பகல். மாலைதீவின் ஒன்றரைப் பாகைக் கால்வாய். கொழும்புக்கு இன்னும் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர். ஐ-27 என்ற யப்பானிய நீர்மூழ்கி நான்கு டோர்பிடோக்களை ஏவியது. இரண்டு கெடிவ் இஸ்மாயிலைத் தாக்கின. அது மூழ்க மூன்று நிமிடம்கூடப் பிடிக்கவில்லை என்கிறார்கள். அதில் இருந்தவர்கள் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர் கிட்டத்தட்ட ஆயிரம் பேர், கடற்படையினர், மருத்துவத் தாதியர். படகு இறக்க நேரமில்லை. மேல்தளத்தில் நின்றவர்களுக்குத்தான் கடலில் குதிக்கவாவது முடிந்தது.

தொடரணியின் விதி கொடியது. அடிபட்ட கப்பலுக்காக மற்றவை நிற்கக்கூடாது. நின்றால் அடுத்த இலக்கு அதுதான். மற்ற நான்கும் விலகி ஓடின. பலடின் படகுகளை இறக்கி ஆட்களைத் தூக்கத் தொடங்கியது. பெட்டார்ட் நீர்மூழ்கியைத் தேடியது. ஒலிக்கருவிக்கு எதிரொலி கிடைத்த திசையிலே மனிதர்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

ஆழ்நீர்க் குண்டு என்பது வெடிமருந்து அடைத்த பீப்பாய். குறித்த ஆழத்தில் வெடிக்கும். தண்ணீர் அந்த அதிர்வை அப்படியே கடத்தும். அருகில் நீந்துகிறவனுக்கு வெளிக்காயமே இல்லாமல் நுரையீரலும் குடலும் கிழியும். பெட்டார்ட்டின் தளபதி ரூபர்ட் ஈகனுக்கு இது தெரியாததல்ல. குண்டுகளைப் போடச் சொன்னார். கைதூக்கி அழைத்தவர்கள் நடுவே அவை விழுந்தன. மூன்றாவது ஓட்டத்தில் ஐ-27 மேலே வந்தது. பீரங்கிக் குண்டுகள் அதன் உடலைத் துளைக்கவில்லை. முட்டப்போன பலடினின் பக்கம் கிழிந்தது. பெட்டார்ட் ஏவிய ஏழாவது டோர்பிடோதான் அதை முடித்தது.

ஈகனை நான் குற்றவாளி என்று எழுதமாட்டேன். நீர்மூழ்கியை விட்டிருந்தால் நின்று ஆட்களைத் தூக்கிய பலடினும் போயிருக்கலாம். என் கோபமெல்லாம், அவ்வளவு சனத்தை இரண்டே நாசகாரிகளை நம்பி அனுப்பச் சம்மதித்த மேசைகள்மீதுதான். பெட்டார்ட் சாதாரணக் கப்பலுமல்ல. ஜெர்மன், இத்தாலிய, யப்பானிய நீர்மூழ்கிகள் மூன்றையும் மூழ்கடிப்பதில் பங்குகொண்ட கப்பல் அது. 1942 இல் யூ-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து இரகசியக் குறியீட்டு ஏடுகளை எடுத்ததும் அதன் மாலுமிகள்தான். அந்தத் திறமையெல்லாம் இருந்தும், அன்று அதனிடம் இல்லாதது பக்கத்தில் நிற்க இன்னும் இரண்டு கப்பல்.

கெடிவ் இஸ்மாயிலில் இருந்த 1,511 பேரில் 1,297 பேர் இறந்தார்கள். 83 பெண்களில் ஆறு பேர் பிழைத்தார்கள். மீட்கப்பட்டவர்களை அட்டு தீவுக்குக் கொண்டுபோனார்கள். மற்ற நான்கு கப்பல்களும் நிற்காமல் கொழும்புக்கு ஓடின.