ஆய்வுத் திட்டங்களில் தர மேலாண்மை: அகராதிப் பணியும் ஹனூர் மொழிக்களமும்

1. முன்னுரை

தர மேலாண்மை என்னும் கருத்து தொழிற்சாலையில் பிறந்தது. அமெரிக்காவின் பெல் நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஷூஹார்ட் 1924இல் உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபடம் அதன் தொடக்கங்களுள் ஒன்றாகும். அவர்வழி வந்த டெமிங் 1950இல் ஜப்பானில் ஆற்றிய சொற்பொழிவுகள் அக்கருத்தைப் பரப்பின. பன்னாட்டுத் தரப்படுத்த நிறுவனம் 1987இல் ஐ.எஸ்.ஓ. 9000 வரிசையை வெளியிட்டது. திட்டப் பணிகளுக்கென ஐ.எஸ்.ஓ. 10006 என்னும் வழிகாட்டியை 1997இல் வெளியிட்டது.

திருகாணி செய்வதற்கு வகுத்த நெறி சொல் தொகுப்பதற்குப் பொருந்துமா என்னும் வினா மொழியியலார்க்கு எழுவது இயல்பு. தொழிற்சாலை ஒரே பொருளை ஆயிரம் முறை செய்கிறது. ஆய்வோ முன்பு இல்லாத ஒன்றைத் தேடுகிறது. எனினும் ஆய்வின் முடிவை முன்கூட்டி வரையறுக்க இயலாவிடினும், அம்முடிவுக்குச் செல்லும் வழியை வரையறுக்க இயலும். அவ்வழியே இக்கட்டுரையின் பொருள்.

2. கோட்பாடுகள்

2000ஆம் ஆண்டுப் பதிப்பில் எட்டாக இருந்த தர மேலாண்மைக் கோட்பாடுகள் 2015இல் ஏழாகச் சுருக்கப்பட்டன. பயனாளரை மையமாகக் கொள்ளுதல், தலைமை, பணியாளர் ஈடுபாடு, செயல்முறை அணுகுமுறை, மேம்பாடு, சான்று வழி முடிவெடுத்தல், உறவுப் பேணல் என்பன அவை. இவற்றுள் மொழிப் பணிக்கு மிக நெருங்கியவை மூன்று.

முதலாவது, பயனாளர். ஜூரான் தரத்தைப் 'பயன்பாட்டுக்கு ஏற்றதாதல்' என விளக்கினார். இதன்படி, யார் பயன்படுத்துவர் என்பது தெரியாத அகராதிக்குத் தரம் என்பதும் வரையறையற்றதாகிவிடும். இரண்டாவது, செயல்முறை. பிழையை இறுதியில் தேடிக் களைவதினும், அது தோன்றும் இடத்திலேயே தடுப்பது மேல். மூன்றாவது, சான்று. ஒவ்வொரு முடிவும் எதன் அடிப்படையில் எட்டப்பட்டது என்பதைப் பின்வருவோர் காணத்தக்க வகையில் பதிதல் வேண்டும்.

3. தமிழ்ப் பேரகராதி தரும் பாடம்

இக்கோட்பாடுகள் பெயர் பெறுவதற்கு முன்பே அவற்றின் தேவையை உணர்த்திய பணி சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1913இல் ஜே.எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய பணி, 1926இல் பொறுப்பேற்ற ச. வையாபுரிப்பிள்ளையின் தலைமையில் 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவெய்தியது. அவற்றில் இடம்பெற்ற சொற்கள் 1,04,405. ஒரு லட்சம் ரூபாய் என மதிப்பிடப்பட்ட செலவு நான்கு லட்சத்தைக் கடந்தது.

இத்தகைய மிகையைத் திறமையின்மை எனக் கொள்ளுதல் பொருந்தாது. சொல் தொகுக்கத் தொடங்கிய பின்னரே பணியின் உண்மையான பரப்புத் தெரியவரும். சிறு பகுதியொன்றை முழுமையாகச் செய்து பார்த்து, அதன் காலத்தையும் செலவையும் கொண்டு முழுமையை மதிப்பிடும் முன்னோட்டமே இதற்குரிய பரிகாரம். ஓர் எழுத்துக்குரிய சொற்களைத் தொகுப்பு முதல் அச்சுவரை கொண்டுசென்றால், அறையில் அமர்ந்து இடும் மதிப்பீட்டினும் நம்பத்தக்க அளவு கிடைக்கும்.

பேரகராதி சிறப்பாகக் கையாண்ட கூறும் உண்டு. சொற்பொருளுக்கு நூல் மேற்கோளைச் சுருக்கக் குறியீட்டுடன் தந்ததனால், ஒரு பொருளை ஐயுறுபவர் அதன் மூலத்தைத் தாமே நாடிச் சரிபார்க்கலாம். 13,357 சொற்களுடன் 1939இல் வந்த பின்னிணைப்பு, வெளியிட்டதோடு பணி முடியவில்லை என்பதைக் காட்டுகிறது. அகராதியின் வேர்ச்சொல் விளக்கங்களைத் தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தார். 1974இல் தமிழக அரசு அவரை இயக்குநராகக் கொண்டு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை ஏற்படுத்தியது. பேரகராதி ஒருவகைப் பயனாளரின் தேவையை நிறைவு செய்தது. மற்றொரு வகையினர் எதிர்பார்த்ததோ வேறு. யாருக்காக என்னும் வினாவைத் தொடக்கத்திலேயே எழுத்தில் விடுத்து விடை காண வேண்டியதன் இன்றியமையாமை இதனால் புலப்படும்.

4. ஹனூர் மொழிக்களம்

அகராதிப் பணியில் நூல்கள் இருப்பில் உள்ளன. தவறு நேரின் மீண்டும் பார்க்கலாம். களப்பணியின் நிலை வேறு. கர்நாடகத்தின் ஹனூர்ப் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கொள்ளேகால் வட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி, 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அமைந்தது. கன்னடமும் தமிழும் இங்கு அன்றாடம் உறவாடுகின்றன. காட்டுப்பகுதிகளில் சோலிகர் மொழி வழங்குகிறது; ஒடையர்பாளையத்தை ஒட்டித் திபெத்தியர் குடியிருப்பும் உண்டு. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வு (1894-1928) சென்னை மாகாணத்தையும் மைசூர் அரசையும் தன் களமாகக் கொள்ளவில்லை. ஆகவே அக்காலப் பேச்சு நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க இங்கு அவ்வளவாய்வின் துணை கிடைப்பதில்லை. இன்று முதியவர் ஒருவரிடம் பதியும் வடிவம் நாளை வேறெங்கும் கிடைக்காமற் போகலாம்.

இத்தகைய களத்தில் பிழை தோன்றும் வாயில்கள் மூன்று.

(அ) வினா: தமிழில் வினவினால் தமிழ்ச் சொல்லும், கன்னடத்தில் வினவினால் கன்னடச் சொல்லும் விடையாக வர வாய்ப்புண்டு. வகுத்து வைத்த பகுதியை மொழிபெயர்க்கச் சொல்லும் முறைக்கும் இக்குறை உண்டு. பொருளையோ படத்தையோ காட்டி வினவுதலும், இயல்பான உரையாடலைப் பதிதலும் இதனைக் குறைக்கும்.

(ஆ) எழுத்து: கன்னடத்தில் செடியைக் குறிக்கும் 'கிட' என்னும் சொல்லின் முதல் ஒலி ஒலிப்புடையது. தமிழ் எழுத்தில் அதனைப் பதிந்தால், படுத்தலைக் குறிக்கும் தமிழ்க் 'கிட' என்பதினின்று வேறுபாடு தெரியாது. ஆகவே பன்னாட்டு ஒலியியல் எழுத்தில் பதிதலும், மூல ஒலிப்பதிவைப் பாதுகாத்தலும் கட்டாயமாகும்.

(இ) செவி: பழங்கன்னடப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று, தமிழின் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு'. இத்தொடர்பை அறிந்த பதிவாளர், கேட்டதை விடுத்து எதிர்பார்த்ததை எழுதிவிடக்கூடும்.

5. ஒத்திசைவை அளத்தல்

செவிப்பிழையை அறிய, ஒலிப்பதிவுகளில் ஒரு பகுதியை, பத்தில் ஒன்றையேனும், முதற்பதிவைக் காணாத மற்றொருவர் தனியே எழுதுதல் வேண்டும். இருவர் பதிவும் எத்துணை ஒத்துள்ளன என்பதை அளக்கையில் எச்சரிக்கை தேவை. நூறு சொற்களின் முதல் ஒலி ஒலிப்புடையதா அன்றா என இருவர் குறிப்பதாகக் கொள்வோம். இருவரும் தொண்ணூறு சொற்களை ஒலிப்பற்றவை எனக் குறிக்க, தொண்ணூறு சொற்களில் ஒருமித்த முடிவு அமைகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு என்பது உயர்ந்த அளவாகத் தோன்றும். ஆனால் பெரும்பான்மை ஒரே வகையாதலால், தற்செயலாகவே 82 இடங்களில் இருவரும் ஒத்திருக்க வாய்ப்புண்டு. கோஹன் 1960இல் முன்வைத்த காப்பா அளவின்படி, தற்செயலுக்கு மேற்பட்ட 8ஐ, மேற்பட இயன்ற 18ஆல் வகுக்கக் கிடைப்பது 0.44 மட்டுமே. ஒலிப்புடைமை குறித்து இப்பதிவுகளைக் கொண்டு முடிவுரைக்க இயலாது. பதிவாளர்க்கு மறுபயிற்சி அளித்தபின் அதே ஒலிப்பதிவை மீண்டும் எழுதுதல் வேண்டும்.

6. மொழிபெயர்ப்புப் பணி

இதே நெறி மொழிபெயர்ப்பிலும் செல்லும். 2006இல் வந்த ஐரோப்பியத் தரமாகிய ஈ.என். 15038உம், 2015இல் வந்த ஐ.எஸ்.ஓ. 17100உம், மொழிபெயர்த்தவர் அல்லாத மற்றொருவர் மூலத்தையும் பெயர்ப்பையும் ஒப்பிட்டுத் திருத்துதலைக் கட்டாயமாக்கின. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வழி 2008இல் தொடங்கப்பட்ட தேசிய மொழிபெயர்ப்புப் பணித்திட்டம் போன்றவற்றில் இறுதிப் பயனாளர் மாணவர். ஒரே கலைச்சொல் ஓர் இயலில் ஒருவாறும் மற்றோர் இயலில் வேறாகவும் வருமாயின், தனித்தனியே பிழையற்ற இரு இயல்களும் சேர்ந்து பிழையுடைய நூலாகின்றன. திருத்துபவரிடம் சொற்பட்டியலும், அதில் செய்யப்பட்ட மாற்றங்களின் தேதியிட்ட பதிவும் இருத்தல் வேண்டும்.

7. வரம்புகள்

இந்நெறியை இயந்திரம்போற் கைக்கொள்வதில் இடர்கள் உண்டு. நாளொன்றுக்கு இத்தனை சொல்லட்டைகள் என இலக்கிட்டால் அட்டைகள் பெருகும். ஐயமான சொற்கள் புறக்கணிக்கப்படும். எண்ணிக்கை ஒதுக்கீட்டை டெமிங்கே எதிர்த்தார். தரச்சான்றிதழ் நடைமுறைக்குச் சான்றேயன்றி, ஆய்வு முடிவின் உண்மைக்குச் சான்றன்று.

இவற்றினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. தொழிற்சாலைக்கு மாறுபாடு பகை. மொழியியலுக்கு மாறுபாடு ஆய்வுப்பொருள். ஹனூரில் தாய் ஒருவாறும் மகள் வேறாகவும் ஒரு சொல்லை ஒலித்தால், அது களையத்தக்க குறையன்று, பதியத்தக்க செய்தி. பதிவாளர் இருவர் ஒரே ஒலியை இருவேறாக எழுதுவதே குறை. பேசுவோரின் மாறுபாட்டைப் பேணிப் பதிவாளரின் மாறுபாட்டைக் குறைத்தல் என மொழித்துறையில் தர மேலாண்மையை வரையறுக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாத திட்டம், தரத்தின் பெயராலேயே வட்டார வழக்கைச் செம்மைப்படுத்தி அழித்துவிடும்.

8. முடிவுரை

முன்னோட்டம், மூல ஒலிப்பதிவு, தகவலாளியின் வயது, தாய்மொழி, கல்விமொழி ஆகியவற்றின் குறிப்பு, தனித்த இரட்டைப் பதிவு, பிழைப் பேரேடு, தொகுத்ததை அம்மக்களிடமே காட்டிச் சரிபார்த்தல் ஆகியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. திட்டம் தொடங்கும் முன்னரே முடிவு செய்யப்பட வேண்டியன. நூலில் நேர்ந்த பிழைக்கு அடுத்த பதிப்பு உண்டு. பேசியவர் மறைந்தபின் களப்பதிவில் நேர்ந்த பிழையைத் திருத்துவார் இலர்.