குழந்தைக்குக் காவல் யார்?

கோவா ஒரு சிறிய மாநிலம். அரபிக் கடல் ஓரத்தில் இருக்கிறது. அங்குள்ள கடற்கரைகளைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் வருகிறார்கள். வெளிநாட்டவரும் வருகிறார்கள். அவர்களை நம்பி ஓட்டல்களும் லாட்ஜுகளும் கடைகளும் நடக்கின்றன. பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் அல்ல. ஏழைக் குழந்தைகளிடம் பணமும் தின்பண்டமும் கொடுத்துச் சிலர் பழகினார்கள். பிறகு அவர்களைக் கெடுத்தார்கள்.

1991ஆம் ஆண்டு மட்காவ் நகரில் ஒரு குற்றம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒருவர் அங்கே அனாதைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்தி வந்தார். பிள்ளைகளுக்குச் சோறு போடும் நல்ல மனிதர் என்று ஊரார் நம்பினார்கள். அந்த இல்லத்தில் சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களைப் படமும் எடுத்தார்கள். 1996இல் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இந்த வழக்கு பலருடைய கண்களைத் திறந்தது. பெண் பிள்ளைக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்திருந்தார்கள். ஆண் பிள்ளைக்கும் ஆபத்து உண்டு என்பது தெரிந்தது. ஆனால் அன்றைய சட்டத்தில் பெரிய ஓட்டை இருந்தது. பாலியல் வல்லுறவு பற்றிய சட்டம் பெண்களைப் பற்றி மட்டுமே பேசியது.

கோவா அரசு என்ன செய்தது?

2003ஆம் ஆண்டு கோவா அரசு குழந்தைகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயர் கோவா குழந்தைகள் சட்டம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரையும் இந்தச் சட்டம் காக்கிறது.

இந்தச் சட்டப்படி, ஓட்டலிலும் லாட்ஜிலும் குழந்தைகளின் பாதுகாப்புக்கு அதன் முதலாளியும் மேலாளரும் பொறுப்பு. குடும்பத்தாரோடும் உறவினரோடும் பதிவு செய்து தங்கும் குழந்தையைத்தான் அறைக்குள் விடலாம். வேறு குழந்தையை யாரும் அறைக்கு அழைத்துப்போக விடக்கூடாது. போட்டோ ஸ்டூடியோக்களுக்கும் பொறுப்பு உண்டு. குழந்தைகளின் ஆபாசப் படங்களைக் கழுவித் தரும்படி யாராவது கேட்டார்களா என்று அவர்கள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதும் தடை செய்யப்பட்டது. வழக்குகளை விசாரிக்கக் குழந்தைகளுக்கெனத் தனி நீதிமன்றமும் அமைந்தது.

குற்றம் நடந்த பிறகு தண்டித்தால் மட்டும் போதாது. நடக்கும் முன்பே வழியை அடைக்க வேண்டும். அதனால்தான் ஓட்டல்காரருக்கும் ஸ்டூடியோக்காரருக்கும் சட்டம் வேலை கொடுத்தது.

நாடு முழுவதற்கும் வந்த சட்டம்

2007இல் மத்திய அரசு ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 53 குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தை நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

2012 நவம்பர் 14 அன்று நாடு முழுவதற்கும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதைப் போக்சோ சட்டம் என்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாப் பிள்ளைகளையும் அது காக்கிறது. 2019இல் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். இதை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் மாநில அரசுகளுடையது. போலீஸ் மாநில அரசின் கையில் இருக்கிறது. சிறப்பு நீதிமன்றங்களையும் குழந்தைகள் நலக் குழுக்களையும் மாநில அரசுதான் அமைக்கிறது.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும்?

போலீஸ் என்றாலே குழந்தை பயப்படும். இது சட்டம் செய்தவர்களுக்கும் தெரியும். அதனால் குழந்தையின் வீட்டுக்கே வந்து விசாரிக்கலாம். முடிந்தவரை பெண் போலீஸ் அதிகாரியே வர வேண்டும். காக்கி உடுப்புப் போட்டு வரக்கூடாது. இரவில் குழந்தையைப் போலீஸ் நிலையத்தில் வைக்கக்கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் சோதிக்க வேண்டும். தாயோ தந்தையோ, குழந்தை நம்பும் வேறு ஒருவரோ பக்கத்தில் இருக்கலாம்.

நீதிமன்றத்தில் குழந்தையை மிரட்டிக் கேள்வி கேட்கக்கூடாது. குற்றவாளியின் முகத்தைக் குழந்தை பார்க்காதபடி செய்ய வேண்டும். குழந்தையின் பெயரையும் படத்தையும் பத்திரிகையில் போடக்கூடாது. வழக்கை முடிந்தவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பல வழக்குகள் அதற்கு மேலும் இழுக்கின்றன. இது இன்னும் தீராத குறை.

மூடி மறைக்கலாமா?

"வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போகும்" என்று பலர் பயப்படுகிறார்கள். உறவுக்காரர் என்றால் பேசி முடித்துவிடப் பார்க்கிறார்கள். கொடுமை செய்தவனுக்கு இது வசதி. அவன் மறுபடியும் செய்வான். அடுத்த வீட்டுக் குழந்தையிடமும் செய்வான். மானம் போக வேண்டியது அவனுக்குத்தான். குழந்தை மேல் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதும் குற்றம். அதற்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொல்கிறவரைச் சட்டம் காப்பாற்றும்.

போலீஸ் நிலையம் போகத் தயக்கமாக இருந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு இல்லை. இரவும் பகலும் பேசலாம். இந்தச் சேவை 1996இல் மும்பையில் தொடங்கியது. இப்போது அரசே இதை நடத்துகிறது.

ஆனால் சட்டத்துக்கும் போனுக்கும் முன்னால் ஒன்று வேண்டும். குழந்தை சொல்ல வேண்டும். சொன்னால் பெரியவர்கள் நம்ப வேண்டும். "அந்த மாமா வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று ஒரு குழந்தை அழுதால் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஏன் என்று மெல்லக் கேளுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் குழந்தைகள் தனியாகப் போகும் இடங்கள் எவை? அங்கே யார் கவனிக்கிறார்கள்?
2. குழந்தைகள் ஏன் பெரியவர்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள்?
3. 1098 என்ற எண்ணை உங்கள் ஊரில் எங்கெங்கே எழுதி வைக்கலாம்?