கூடலூர் (தேனி மாவட்டம்)

கூடலூர், தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள நகராட்சி ஆகும். நீலகிரி மாவட்டத்திலும் இதே பெயரில் ஒரு நகராட்சி உண்டு, அது வேறு. கம்பம் பள்ளத்தாக்கில், கேரள எல்லையான குமுளிக்கு மலையேறும் முன் வரும் கடைசி நகரம் இது. 2011 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை ஏறத்தாழ 42,000.

திசை திரும்பிய ஆறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால், கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவமழை குறைவு. மலைக்கு அப்பால் பெருமழை பெற்ற பெரியாறோ அரபிக்கடலை நோக்கி ஓடியது. 1876–78 பஞ்சத்திற்குப் பின், அந்த நீரைக் கிழக்கே திருப்பும் திட்டம் வலுப்பெற்றது. 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. தேக்கடியில் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம் வழியாக வரும் நீர், கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் பள்ளத்தாக்கை அடைந்து, பின்னர் வைகையில் சேர்கிறது.

1950களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலைச்சரிவில் இறங்கும் அதன் நான்கு ராட்சதக் குழாய்களைக் குமுளி சாலையிலிருந்தே காணலாம். மின் நிலையத்துக்குச் செல்லாத நீர் இரைச்சல் பாலம் வழியாக வருகிறது. நீர் விழும் ஓசையே பாலத்தின் பெயராயிற்று.

வேளாண்மை

லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடிக்கு இந்த ஆறே ஆதாரம். அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் முதல் நாள் தண்ணீர் திறப்பது வழக்கம். திறப்பு தள்ளிப்போனால் இரண்டாம் போகமும் தள்ளிப்போகும். ஆற்று நீர் எட்டாத மேட்டு நிலங்களில் மொச்சை, அவரை முதலியன மானாவாரியாக விளைகின்றன. பந்தலில் படரும் பன்னீர் திராட்சை இப்பள்ளத்தாக்கின் மற்றொரு அடையாளம். அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பண்பாடு

மலை உச்சியிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவு நாளில் பக்தர்கள் செல்வர். லோயர் கேம்ப்பை அடுத்த பளியன்குடியிலிருந்து நடைபாதை உண்டு. பளியர் பழங்குடியினர் வாழும் ஊர் அது.

நீர் குறித்த கவலை

அணையின் பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. நீண்ட வழக்கிற்குப் பின், 142 அடி வரை தேக்கலாம் என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், மதுரையின் குடிநீருக்காக லோயர் கேம்ப்பிலிருந்து குழாயில் நீர் எடுக்கும் திட்டம் வந்தபோது, பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்துப் போராடினர். மதுரை மக்களின் தாகமும் உண்மை, ஆறு வற்றினால் கிணறுகளும் வற்றும் என்ற விவசாயிகளின் அச்சமும் உண்மை.

அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் தினமும் பார்ப்பது இங்குள்ளவர்களின் பழக்கம். லோயர் கேம்ப்பில் 2013இல் பென்னிகுவிக்கிற்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. பொங்கலன்று அவரையும் நினைத்து வணங்கும் குடும்பங்கள் இப்பகுதியில் பல. வயலில் பாயும் நீர் இயல்பாக இவ்வழி வந்ததன்று என்பதை அவர்கள் மறக்கவில்லை.