ஜார்ஜ் ரொமேரோவும் விலக்கப்பட்ட சித்திரக்கதையும்

அமெரிக்கத் திகில்பட இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ (1940–2017) நடைபிணங்களைத் திரையில் நிலைநாட்டியவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். அவர்தம் கலைக்குச் சித்திரக்கதை ஊற்றாக அமைந்தமை போதிய கவனம் பெறவில்லை.

நியூயார்க்கில் வளர்ந்த ரொமேரோ, இ.சி. நிறுவனம் 1950 முதல் வெளியிட்ட திகில் சித்திரக்கதைகளைச் சிறுவயதில் விரும்பிப் படித்தவர். வஞ்சகத்தால் மாண்டவர் கல்லறையினின்று எழுந்து பழிதீர்ப்பது அவற்றில் அடிக்கடி வரும் கதை. இத்தகைய இதழ்கள் சிறாரைக் கெடுக்கின்றன என உளநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954இல் நூலெழுதினார். செனட் துணைக்குழுவும் விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் அவ்வாண்டே தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். நடைபிணம், பிணந்தின்னும் பேய், நரமாமிசம் உண்ணல் ஆகியன அவற்றில் பெயர் சுட்டியே விலக்கப்பட்டன. இ.சி.யின் திகில் இதழ்கள் நின்றுபோயின. வெர்தாம் தம் சான்றுகளுள் சிலவற்றைத் திரித்திருந்தமையை, அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கரோல் டில்லி 2012இல் வெளிப்படுத்தினார். மாணவர் வாசிப்பைப் பற்றித் தீர்ப்புக் கூறும் நிலையிலுள்ள நாம் கருதத்தக்க செய்தி இது.

அவ்விதிகள் திரைப்படத்தைக் கட்டுப்படுத்தவில்லை. ரொமேரோ 1968இல் இயக்கிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’, விலக்கப்பட்ட அம்மூன்றையும் ஒருங்கே கொண்டிருந்தது.

பழைய கடனை அவர் வெளிப்படையாகத் தீர்த்தது 1982இல் வந்த ‘கிரீப்ஷோ’வில் எனலாம். ஸ்டீபன் கிங் எழுதிய ஐந்து கதைகளைக் கொண்ட இப்படத்தில், அச்சம் முற்றும் தருணத்தில் பின்புலம் செந்நிறமும் நீலமுமாக மாறுகிறது. காட்சியைச் சுற்றிச் சித்திரக்கதைக் கட்டங்கள் தோன்றுகின்றன. இவ்வுத்தி சிலவிடங்களில் வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது என்பது என் கருத்து. எனினும் கதைகளை இணைக்கும் சட்டகக்கதை கூர்மையானது: மகனின் சித்திரக்கதை இதழைத் தந்தை குப்பையில் எறிகிறார், மகன் அவரைப் பழிவாங்குகிறான். 1954ஆம் ஆண்டின் பெரியோருக்கு அது தாமதமாக வந்த மறுமொழி. பெர்னி ரைட்சன் இப்படத்தைச் சித்திரக்கதை நூலாகவும் வரைந்தார். அதன் அட்டையை வரைந்தவர் இ.சி.யின் பழைய ஓவியர் ஜாக் கேமன்.

பின்னர் ரொமேரோ தாமே சித்திரக்கதை எழுதலானார். டி.சி. நிறுவனத்திற்கு 2004–2005இல் ஆறு இதழ்கள் எழுதினார். ஒரு காலத்தில் அத்தணிக்கைக்கு உட்பட்டிருந்த மார்வெல் நிறுவனம் அவருடைய ‘எம்பயர் ஆஃப் தி டெட்’ தொடரை 2014–2015இல் பதினைந்து இதழ்களாக வெளியிட்டது. தணிக்கை முறையோ 2011லேயே மறைந்துவிட்டிருந்தது. இரத்தக்காட்டேரிகள் ஆளும் நியூயார்க்கில் நடைபிணங்கள் உலவும் அத்தொடரில், முன்னாள் காவலரான ஒருத்தி இறந்தபின்னும் தன் பழைய கடமையை மெல்ல நினைவுகூரத் தொடங்குகிறாள்.