சன்னல் வழியே வந்த சொல்

ஒருவரைப் பிடித்துச் சன்னல் வழியாக வெளியே எறிவது. இந்த ஒரு செயலுக்கென்றே ஆங்கிலத்தில் தனிச் சொல் உண்டு: டிஃபெனஸ்ட்ரேஷன். லத்தீனில் ‘ஃபெனஸ்ட்ரா’ என்றால் சன்னல்.

அப்படியொரு சொல்லுக்குத் தேவை வந்ததே பிராக் நகரத்தால்தான். 1419 ஜூலை 30 அன்று, சமயச் சீர்திருத்தம் கோரித் திரண்ட கூட்டம் அங்குள்ள நகரமன்றத்துக்குள் புகுந்து, உறுப்பினர்களைச் சன்னல் வழியே வீசியது. அவர்களில் எவரும் பிழைக்கவில்லை.

இருநூறு ஆண்டுகள் ஓடின. 1618 மே 23. புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். தங்கள் வழிபாட்டு உரிமையில் கைவைத்ததாகச் சொல்லி, பேரரசரின் பிரதிநிதிகளான ஸ்லவாட்டா, மார்ட்டினிட்ஸ் இருவரையும் விசாரித்தார்கள். வாய்ச்சண்டை முற்றியது. இருவரையும் தூக்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்தார்கள். கூடவே செயலாளர் ஃபாப்ரிசியஸையும்! ஏறக்குறைய எழுபது அடி உயரம்.

வியப்பு என்னவென்றால், மூவருமே உயிர் பிழைத்தார்கள். மாதா தாங்கிப் பிடித்தாள் என்றனர் கத்தோலிக்கர். கீழே கிடந்த எருக்குவியல்தான் காப்பாற்றியது என்றனர் எதிர்த்தரப்பினர். ஃபாப்ரிசியஸுக்குப் பேரரசர் பின்னர் பிரபுப் பட்டம் வழங்கினார். பட்டத்தின் பெயர் ‘ஹோஹென்ஃபால்’. ஜெர்மன் மொழியில் ‘உயர்ந்த வீழ்ச்சி’ என்று பொருள்.

மூவர் பிழைத்தாலும் ஐரோப்பா பிழைக்கவில்லை. அன்று மூண்ட பகை முப்பதாண்டுப் போராக வளர்ந்து, 1648 வரை பல லட்சம் உயிர்களைக் குடித்தது.

இன்று இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. பதவியில் இருப்பவரைத் திடுமென வெளியேற்றுவதையும் ஆங்கிலத்தில் டிஃபெனஸ்ட்ரேஷன் என்றே சொல்கிறார்கள்.