லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் ஒரு தோஸ்த்!

விடிஞ்சா புராஜெக்ட் சப்மிஷன். ரிப்போர்ட் உங்க லினக்ஸ் கம்ப்யூட்டரில். பிரின்டரோ அண்ணனின் விண்டோஸ் கம்ப்யூட்டரில். பென் டிரைவைக் காணோம். என்ன செய்வீங்க?

இருக்கவே இருக்கு 'சாம்பா'! அரிசி இல்லீங்க, இலவச மென்பொருள். 1992-ல் ஆஸ்திரேலிய மாணவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. விண்டோஸ் ஃபைல் பகிரப் பேசும் 'எஸ்.எம்.பி.' பாஷையை லினக்ஸையும் பேச வைக்கும்.

இரண்டையும் ஒரே ரவுட்டரில் இணையுங்க. லினக்ஸில் சாம்பாவை நிறுவி, ஃபோல்டரை ஷேர் பண்ணுங்க. சாம்பாவுக்குத் தனியா பாஸ்வேர்ட் வைக்கணும். பலர் கோட்டை விடுறது இங்கேதான்! அப்புறம் விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடு, லினக்ஸின் ஐ.பி. எண். ஃபோல்டர் ஆஜர்!

பழைய எஸ்.எம்.பி.1-ஐ மட்டும் திறந்துடாதீங்க. 2017-ல் 'வான்னாக்ரை' புகுந்தது அந்த வழியாத்தான்!